கரைத்த இடத்துக் கல்

தொட்டியில் இருந்த இரண்டு கோமாளி மீன்களில் சின்னதற்கு வாலைக் காணவில்லை.

ரூபேந்திரன் காலைக் காப்பியோடு குனிந்து பார்த்தான். கடித்துக் குதறிய மாதிரி இல்லை. கத்தரிக்கோலால் வெட்டியதுபோல நேராகப் போயிருந்தது. மீன், பாவம், உடம்பு மொத்தத்தையும் ஆட்டி ஆட்டி ஒரு விரற்கடை நகர்ந்து, மறுபடி பழைய இடத்துக்கே வந்து நின்றது. பக்கத்தில் அவன் நான்கு வருடமாக வளர்த்த பச்சைப் பவளம் ஒரு பக்கம் சதை போய் வெள்ளை எலும்பாகத் தெரிந்தது. சிங்கப்பூர் எல்லைக்கு இந்தப்புறம், ஸ்கூடாயில் இந்த வரிசை வீட்டை வாங்கியபோது, கூடத்தில் சோபா போடுவதற்கு முன்னாலேயே நான்கடி உப்புநீர்த் தொட்டியை இறக்கியவன் அவன். தாலியை அந்த டேங்குக்கே கட்டியிருக்கலாம் என்று அவன் மனைவி கஸ்தூரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக் காட்டுவாள்.

தொட்டிக்குள் புதிதாகப் போனது ஒன்றே ஒன்றுதான். அந்தக் கல்.

அது எங்கிருந்து வந்தது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. எட்டு நாளைக்கு முன் அவன் அப்பா அய்யாவு இறந்துபோனார். மறுநாள் அஸ்தியை, அவர் ஆசையாகத் தூண்டில் போடப் போகும் தஞ்சோங் பாலாவ் கடற்கரைக்குக் கொண்டுபோய்க் கரைத்தார்கள். கரைத்த பிறகு திரும்பிப் பார்க்காமல் நடக்கச் சொன்னார் சடங்கு செய்ய வந்த பண்டாரம். இங்கிருந்து ஒரு பிடி மண்கூட வீட்டுக்கு வரக்கூடாது, காலைக் கழுவிக்கொண்டு வண்டியில் ஏறுங்கள் என்றார். ரூபேந்திரன் திரும்பிப் பார்த்தான். நீர் வற்றிக்கொண்டிருந்தது. அப்பாவின் சாம்பல் இன்னும் கலையாமல் மிதந்த இடத்தில், ஊதா நிறம் படர்ந்த ஒரு கல், சின்னப் பலாப்பழ அளவில், துளை துளையாக, நுரைக்குள்ளிருந்து தலை காட்டியது. கடையில் அப்படி ஒரு கல்லை அவன் கண்டதே இல்லை. கார்ச் சாவி விழுந்துவிட்டது என்று பொய் சொல்லித் திரும்பிப் போனான். தண்ணீர் போத்தல் கொண்டுபோன ஐஸ் பெட்டியில் கல்லை வைத்து, ஈரத் துண்டால் மூடினான். அப்பா செத்த மறுநாள். இப்படியும் ஒரு பிள்ளை.

மீன் கடை வைத்திருக்கும் நண்பன் விஜயனிடம் போன் போட்டுக் கேட்டான். கல்லோடு பொல்லாத நண்டு எதுவோ ஒட்டிக்கொண்டு வந்திருக்கும், இருட்டினால்தான் வெளியே வரும், சிவப்பு டார்ச் அடித்துப் பார், அந்த வெளிச்சம் அதற்குத் தெரியாது என்றான் விஜயன். அன்று தொட்டி விளக்கு அணைந்ததும் பார்த்தான். கல்லின் நடுத் துளையில் உட்கார்ந்திருந்தது. இருபது காசு நாணயத்தின் அகலம்தான் இருக்கும். உடம்பெல்லாம் ரோமம், கொடுக்கின் நுனி மட்டும் மை பூசினது மாதிரிக் கறுப்பு. விஜயன் சொன்னது சரிதான், அது டார்ச்சைப் பார்க்கவில்லை. டார்ச்சுக்குப் பின்னால் இருந்த அவன் முகத்தைப் பார்த்தது.

துளையை விட்டுப் பக்கவாட்டில் இறங்கி வந்தது. கண்ணாடியைத் தட்டியது. டக் டக். கொஞ்சம் விட்டு, டக்.

ரூபேந்திரன் டார்ச்சை இறக்கினான். அந்தத் தட்டலை அவனுக்குத் தெரியும்.

கடைசி இரண்டு மாதம் அப்பாவுக்குப் பேச்சு போய்விட்டது. கூடத்தை ஒட்டிய அறையில் இரும்புக் கட்டிலில் கிடந்தார். தண்ணீர் வேண்டுமென்றாலும், புரட்டிப் படுக்கவைக்க வேண்டுமென்றாலும், விரலில் இருந்த ஐம்பொன் மோதிரத்தால் கட்டில் கம்பியைத் தட்டுவார். வேகமாக இரண்டு, தாமதமாக ஒன்று. கடைசி நாள் சாயங்காலமும் தட்டினார். ரூபேந்திரன் இரண்டு கையையும் முழங்கைவரை தொட்டிக்குள் விட்டு, அதில் ஏற்கெனவே இருந்த ஒரு கல்லில் பவளத் துண்டு ஒட்டிக்கொண்டிருந்தான். "அஞ்சு நிமிஷம்ப்பா" என்று நின்ற இடத்திலிருந்தே குரல் கொடுத்தான். தட்டல் இன்னும் மூன்று முறை வந்தது. அப்புறம் வரவில்லை. தூங்கிவிட்டார்போல என்று நினைத்து, பசை பிடிக்கும்வரை பவளத்தைத் தாங்கிக்கொண்டு நின்றான். வீங்கிய விரலிலிருந்து மோதிரம் கழலாமல், அவரோடேயே தீக்குப் போனது. அந்தத் தட்டலைக் கேட்டும் போகாமல் இருந்ததை அவன் யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது அந்தக் கட்டிலில் அம்மா படுத்திருந்தாள். முட்டியில் அறுவை சிகிச்சை செய்த கால். ஆள் பிடிக்காமல் இறங்க முடியாது. மேலே மாடியில் அறை இருந்தும், அவர் படுத்த இடத்தை விட்டு வரமாட்டேன் என்றுவிட்டாள். அப்பா படத்துக்கு முன்னால், பதினாறாம் நாள் முடியும்வரை அணையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய விளக்கு எரிந்தது. கட்டிலின் தலைமாட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் தொட்டி.

"ராத்திரியெல்லாம் அப்பா தட்டுற மாதிரியே இருக்கு தம்பி," என்றாள் மறுநாள் கஞ்சி குடிக்கும்போது. மோட்டார் சத்தம் என்று மழுப்பினான். அவள் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. "உன்னைத் தனியா விட்டுட்டுப் போமாட்டேன்னு எங்கிட்ட சொல்லிக்கிட்டே இருப்பாரு," என்று சொல்லிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு அவனுக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைத்தான் கோட்டைவிட்டான், அம்மாவுக்கு ஏதாவது ஆனால் அப்புறம் அவன் மனிதனே இல்லை. கல்லை எடுத்த இடத்திலேயே கொண்டுபோய்ப் போட்டுவிட வேண்டும். ஆனால் தஞ்சோங் பாலாவ் போய்வர அரை நாள் ஆகும், ஆபீசில் லீவு கிடைக்காது. சனிக்கிழமை போகலாம் என்று வைத்துக்கொண்டான்.

அதுவரைக்கும் நண்டைப் பிடித்தாலே போதும் என்று தோன்றியது. விஜயன் சொன்னபடி, கண்ணாடி டம்ளரில் இறால் துண்டைப் போட்டுக் கல்லின்மேல் சாய்த்து வைத்தான். இறங்கினால் வழுக்கும், ஏற முடியாது. செவ்வாய்க்கிழமை காலையில் டம்ளருக்குள் நண்டு மல்லாந்து கிடந்தது. அப்பாடா என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு போட்டோ எடுத்து விஜயனுக்கு அனுப்பினான்.

"அது செத்த நண்டு இல்லலா," என்று குரல் செய்தி வந்தது. "ஓட்டைக் கழட்டிப் போட்டுட்டுப் போயிருக்கு. தொறந்து பாரு, உள்ள ஒண்ணும் இருக்காது."

திறந்தான். காலின் நுனிவரை, கண் காம்புவரை, எல்லாம் இருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. ஓடு மாற்றின நண்டு முன்னைவிடப் பெரிதாக இருக்கும், புது ஓடு கெட்டியாகும்வரை இடுக்காக, இருட்டாக ஓர் இடம் தேடிப் பதுங்கும் என்றான் விஜயன். புதன்கிழமை இன்னொரு ஓடு, தீப்பெட்டி அளவு. வியாழக்கிழமை காலையில் உள்ளங்கை அளவு; டம்ளருக்குள் அடங்காமல் மேலே கவிழ்ந்திருந்தது. ஒரு நாளில் எந்த நண்டும் அப்படி வளராது, விளையாடாதே என்று விஜயன் போனை வைத்துவிட்டான். தொட்டியில் ஒரு மீன்கூட மிச்சமில்லை. ரூபேந்திரன் மூடிக் கண்ணாடிமேல் இரண்டு செங்கல்லை ஏற்றிவைத்தான். சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டே நாள்.

அன்று சாயங்காலம் ஏழு மணிக்கு மழை பிடித்தது. சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் வேலை முடிந்து வரும் கஸ்தூரி, எல்லைப் பாலத்தில் ஜாம், பஸ் நகரவே இல்லை, அத்தைக்குச் சாப்பாடு குடுத்துடுங்க என்று செய்தி அனுப்பியிருந்தாள். அவன் அடுப்படியில் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தபோது ஓர் இடி இறங்கியது, அதோடு கரண்டும் போனது. நான்கு வருடமாக அந்த வீட்டில் ஓயாத மோட்டார் சத்தம் நின்றது. கூரையில் மழை. வேறு ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வாடை வந்தது, நீர் வற்றின கடற்கரையில் வெயில் ஏறும்போது வருகிற கவிச்சி, அதற்குள் கொஞ்சம் கருகல்.

கூடத்தில் ஏதோ உரசியது. கல்லின்மேல் கல் உரசுவதுபோல, மெதுவாக, நீளமாக. பிறகு ஒரு செங்கல் தரையில் விழுந்தது.

தட்டை வைத்துவிட்டு போனில் வெளிச்சம் போட்டான். தொட்டியின் மூடி விலகியிருந்தது. உள்ளே அந்தக் கல் இரண்டாகப் பிளந்து கிடந்தது. விளிம்பில் ஓர் ஓடு தொங்கியது, இரண்டு உள்ளங்கையையும் விரித்துச் சேர்த்தால் வருகிற அளவு. இன்னும் ஈரம். இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

காலி ஓடு.

அவன் வெளிச்சத்தைத் தரைக்கு இறக்கினான். டைல்ஸ் தரையில் தண்ணீர்த் தடம். ஒரு முழ அகலம். வாசல் பக்கம் போகவில்லை. அடுப்படிப் பக்கமும் வரவில்லை.

அம்மாவின் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது.

டக் டக்.

டக்.

கண்ணாடிச் சத்தம் இல்லை. இரும்பு. இரும்பில் மோதிரம்.

ஓடினான். அறை வாசலில் கால் நின்றுவிட்டது. அப்பா படத்து விளக்கு எரிந்தது. அம்மா மல்லாந்து படுத்திருந்தாள். கண் திறந்திருந்தது. முகத்தில் பயமே இல்லை.

"தம்பி, அப்பா கூப்பிடுறாரு," என்றாள். "போய் என்னான்னு கேளு."

அவள் இரண்டு கையும் நெஞ்சின்மேல், போர்வைக்கு வெளியே, கோத்திருந்தன. மோதிரம் எதுவும் இல்லை.

டக் டக். டக்.

கால்மாட்டில் போர்வை புடைத்திருந்தது. ஈரம் ஊறி உடம்போடு ஒட்டியிருந்தது. அந்தப் புடைப்புக்கு அடியிலிருந்து, கட்டில் கம்பியில்.

நான்கே எட்டு வைக்கவேண்டும். போர்வையை இழுத்துவிட்டு அம்மாவை அள்ளித் தூக்கவேண்டும். அவ்வளவுதான். அவனுக்குத் தெரியும். கால் வரவில்லை. இதோ வரேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான்.

"அஞ்சு நிமிஷம்ப்பா."

தட்டல் நின்றது.

போர்வைக்கடியில் அது நகர ஆரம்பித்தது. பக்கவாட்டில். மேல்நோக்கி. முட்டியைத் தாண்டி. இடுப்பைத் தாண்டி.

அம்மா கோத்த கையைப் பிரித்தாள். போர்வையின் ஓரத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, சுவர்ப்பக்கம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.