டான்சூவின் கடாவும் டோசியின் மணியும்

டோசி மணியை ஆட்டினால் எவ்வளவு பெரிய மனிதரும் பாதையை விட்டு இறங்கியாக வேண்டும். எண்ணெய்ப் பானை சுமந்து வருகிறவரானாலும் சரி, பல்லக்கில் வருகிற ஊர்த்தலைவரானாலும் சரி. ஆண் என்றால் ஒதுங்கி, முதுகைக் காட்டி, தலையைக் குனிந்து நிற்க வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் இருந்த தகோமே ராஜ்யத்தின் சட்டம் அது. ஏனென்றால் டோசிக்குப் பின்னால் ராஜாவின் படைப்பெண்கள் வரிசையாக வருவார்கள். அவர்களை எந்த ஆணும் ஏறிட்டுப் பார்க்கக் கூடாது.

டோசிக்குப் பத்து வயது. இரட்டைப் பிள்ளைகளுக்கு அடுத்துப் பிறந்ததால் வீட்டில் அந்தப் பெயரை வைத்தார்கள். போன அறுவடை முடிந்ததும் தலைநகர் அபோமேயில் இருந்த அரண்மனைக்கு வந்தாள். துப்பாக்கி தூக்க இன்னும் உயரம் போதாது என்று சொல்லி, கையில் ஒரு இரும்பு மணியைக் கொடுத்திருந்தார்கள். அது நல்ல கனம். அவள் மணியை ஆட்டுகிறாளா, மணி அவளை ஆட்டுகிறதா என்று பார்ப்பவர்களுக்குச் சந்தேகம் வரும்.

ஊர் ஜனங்கள் அந்தப் படைப்பெண்களை ‘எங்கள் அம்மாக்கள்’ என்றுதான் சொல்வார்கள். அந்த அம்மாக்கள் முள்வேலியைத் தாண்டிக் குதிப்பார்கள். காலில் ரத்தம் வழிய எழுந்து நின்று, இன்னொரு முறை குதிக்கட்டுமா என்று கேட்பார்கள். யானை வேட்டைக்குப் போய்விட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டே திரும்பி வருவார்கள்.

டோசி இருந்த குழுவுக்குத் தலைவி அக்பெசி. அக்பெசிக்குச் சிரிக்கத் தெரியுமா என்பது யாருக்கும் தெரியாது. ஆனால் டோசி காய்ச்சலில் படுத்திருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, சோளக்களியை உருட்டி ஊட்டியவள் அவள்தான். ஒவ்வொரு வாய்க்கும் நடுவே ஒரு திட்டும் கொடுத்தாள்.

அந்த வருடம் வடக்கிலிருந்து வறண்ட காற்று சீக்கிரமே வந்துவிட்டது. உதடெல்லாம் வெடித்தது. அரண்மனைக்குத் தண்ணீர் எடுக்கும் ஊற்று சேறாகிப் போனது. அதனால் அக்பெசியின் குழு, மேற்கே இருந்த வேறொரு ஊற்றுக்குப் புதுப் பாதையில் போக வேண்டியதாயிற்று.

அந்தப் பாதையில் ஒரு பெரிய மரம். மரத்தடியில் ஒருவன் பாதைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, பனையோலையில் பாய் முடைந்துகொண்டிருந்தான். அவன் இடுப்பில் ஒரு கயிறு. கயிற்றின் மறுமுனையில் ஒரு கறுப்பு ஆட்டுக்கடா.

டோசி மணியை ஆட்டினாள். அவன் அசையவில்லை. இன்னும் பலமாக ஆட்டினாள். அவன் ஓலையை மடக்கினான், நீட்டினான், மெல்லத் தலையை ஆட்டிக்கொண்டான். எழுந்து ஒதுங்குகிற எண்ணமே இல்லை.

வரிசை நின்றுவிட்டது. இப்படி ஒன்று இதுவரை நடந்ததே இல்லை. ஹ்வேசி என்ற இளம் வீராங்கனைக்கு மூக்கு விடைத்தது. போய் நாலு தட்டுத் தட்டிவிட்டு வரட்டுமா என்று கேட்டாள். அக்பெசி வேண்டாம் என்று கையைக் காட்டினாள். குழு அவனைச் சுற்றிக்கொண்டு புதர் வழியே போனது. ஹ்வேசியின் துணியில் முள் மாட்டிக் கிழிந்தது. அதற்கும் சேர்த்து அவள் அவனைத் திட்டினாள்.

அரண்மனைக்குத் திரும்பியதும் அக்பெசி டோசியைக் கூப்பிட்டாள். “மத்தியானம் போய் அவன்கிட்ட சொல்லிட்டு வா. சந்தை நாளைக்கு மறுபடி அந்த வழியாத்தான் வருவோம். அப்பவும் எந்திரிக்கலைன்னா ராஜாவோட ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிருவேன். அப்புறம் அவனுக்கு இந்த ஊர்ல இடமிருக்காது.”

டோசி போனாள். அவன் அதே இடத்தில், அதே மாதிரி உட்கார்ந்திருந்தான். அவள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்று மணியை ஒரு தரம் ஆட்டினாள்.

கடா தலையைத் தூக்கிப் பார்த்தது. அவன் பார்க்கவில்லை.

காதருகே கொண்டுபோய் ஆட்டினாள். கடா துள்ளிக் குதித்தது. கயிறு இழுபட்ட பிறகுதான் அவன் திரும்பினான். பின்னால் ஒரு சிறுமி மணியோடு நிற்பதைக் கண்டு, சந்தோஷமாகச் சிரித்தான்.

“பாய் வேணுமா பாப்பா?” என்று கேட்டான். பக்கத்து ஊருக்கே கேட்கும் குரல்.

அப்போதுதான் டோசிக்கு விளங்கியது. அவனுக்குக் காது கேட்காது.

டோசி கையாலேயே பேசிப் பார்த்தாள். படைப்பெண்கள் துப்பாக்கியோடு நடந்து வருவதுபோல விறைப்பாக நடந்து காட்டினாள். அவன் கொஞ்ச நேரம் யோசித்தான். “நான் வேட்டைக்கெல்லாம் போறதில்ல பாப்பா” என்றான். அவள் மணியைக் காட்டி, பாதையைக் காட்டி, முகத்தைத் திருப்பிக் குனிந்து நின்று காட்டினாள். அவன் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. அவனுக்குப் புரிந்துவிட்டது.

அவன் பெயர் டான்சூ. சின்ன வயதில் வந்த காய்ச்சல் காதைக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பக்கத்தில் நிழல் என்றால் இந்த ஒரு மரம்தான். வெயிலில் உட்கார்ந்தால் ஓலை காய்ந்து ஒடிந்துவிடும். பாதையைப் பார்த்து உட்காரலாம் என்றால், அம்மாக்கள் வருவதைப் பார்த்துவிடுவான், அது குற்றம். பார்க்காமல் உட்கார்ந்தால், மணி கேட்காது, அதுவும் குற்றம். இதையெல்லாம் அவன் சொன்னபோது கடா அவன் முடைந்த பாயின் ஓரத்தைச் சாவதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

டோசி திரும்பிப் போய் நடந்ததைச் சொன்னாள். ஹ்வேசி நம்பவில்லை. “மாட்டிக்கிட்டா எல்லா ஆம்பளைக்கும் காது போயிரும்” என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். தான் முன்னால் ஓடிப்போய் அவனைத் தொட்டு எழுப்பட்டுமா என்று டோசி கேட்டுப் பார்த்தாள். அவள் ஓடிவிட்டால் வரிசைக்கு யார் மணி அடிப்பது என்று கேட்டு அக்பெசி அதையும் மறுத்துவிட்டாள்.

படுத்தபிறகும் டோசிக்கு யோசனை ஓயவில்லை. டான்சூவுக்கு மணி கேட்காது. ஆனால் கடாவுக்குக் கேட்கும். கடாவோ அவன் இடுப்பிலேயே கட்டிக்கிடக்கிறது.

மறுநாள் மத்தியானம் மடியில் வறுத்த கிழங்குத் தோலை முடிந்துகொண்டு போனாள். மணியை ஆட்டினாள். கடா பார்த்ததும் ஒரு துண்டு கொடுத்தாள். இன்னும் கொஞ்சம் தள்ளி நின்று ஆட்டினாள். கடா ஓடி வந்தது. பொழுது சாய்வதற்குள், மணி வாயைத் திறந்தாலே கயிற்றை இழுத்துக்கொண்டு கிளம்பும் அளவுக்கு அது தேறிவிட்டது. டான்சூ இடுப்பைத் தடவிக்கொண்டே, இது ஆடா எருமையா என்று கேட்டுச் சிரித்தான். கயிறு இழுபட்டதும் எழுந்து ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான். இருவருக்கும் பரம திருப்தி.

சந்தை நாளும் வந்தது. தண்ணீர் எடுத்துக்கொண்டு குழு திரும்பி வந்தது. தலையில் பானை, தோளில் துப்பாக்கி. மரம் தெரிந்ததும் டோசி மணியை ஆட்டினாள்.

கடாவின் காது விறைத்தது. மணி அடித்தால் கிழங்குத் தோல் உண்டு. மணி அடிக்கும் இடத்தில்தான் உண்டு. கடாவுக்கு அவள் கற்றுக்கொடுத்தது அதைத்தான்.

அது ஒரே பாய்ச்சலாக டோசியை நோக்கி வந்தது. டான்சூவும் வந்தான். முதலில் உட்கார்ந்தபடியே கொஞ்ச தூரம், பிறகு தவழ்ந்து, பிறகு தலைதெறிக்க ஓடி. கடா டோசியைச் சுற்றிக்கொண்டு வரிசைக்குள் நுழைந்தது. யானையைப் பார்த்தும் பின்வாங்காத பெண்கள் நாலு பக்கமும் சிதறினார்கள். ஹ்வேசியின் கால்களில் கயிறு சுற்றிக்கொண்டது. அவள் தலையில் இருந்த பானை கீழே விழுந்து சுக்குநூறானது.

தான் எங்கே வந்து நிற்கிறோம் என்பது டான்சூவுக்குப் பாதம் நனைந்தபோதுதான் தெரிந்தது. கையோடு வந்திருந்த அரைகுறைப் பாயைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அப்படியே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான்.

கடா டோசியின் மடியை முகர்ந்து பார்த்தது.

பாய்க்குள்ளிருந்து அந்தப் பெரிய குரல் வந்தது. “பாப்பா, போயிட்டாங்களா?”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அக்பெசியின் உதட்டோரம் ஒரு தரம் துடித்து நின்றது.

டோசி மணியைக் கீழே வைத்துவிட்டு அக்பெசியின் முன்னால் வந்து நின்றாள். “அவரு மேல தப்பில்லம்மா. நான்தான் கடாவுக்கு மணிச்சத்தம் பழக்கினேன். அது ஒதுங்கும்னு நெனச்சேன். இப்படி ஓடியாரும்னு தெரியாது.”

ஹ்வேசி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்பெசி அவளைத் தடுத்தாள். பிறகு அக்பெசியே, டோசி கீழே வைத்த மணியை எடுத்து, பாயால் தலையை மூடிக்கொண்டிருந்தவனின் பின்னால் போய் நின்று, தன் பலத்தையெல்லாம் கூட்டி ஆட்டினாள். மரத்தில் இருந்த பறவைகள் எல்லாம் பறந்து போயின. டான்சூ அசையவில்லை. சற்றுப் பொறுத்து, “பாப்பா?” என்று மட்டும் கேட்டான்.

அக்பெசி மணியை இறக்கினாள்.

“நான் இந்த அரண்மனைக்கு வந்தப்ப இவ வயசுதான் எனக்கு” என்றாள். யாரைப் பார்த்துச் சொன்னாள் என்று தெரியவில்லை. “வேற நாட்டுப் பொண்ணு. சண்டையில புடிச்சுக் கொண்டாந்தாங்க. உங்க பேச்சு ஒரு வார்த்தை புரியாது. நில்லுன்னா நடந்தேன், நடன்னா நின்னேன். திமிருன்னு சொல்லி அடிச்சாங்க.”

ஹ்வேசி தலையைக் குனிந்துகொண்டாள். அக்பெசி இதை இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை.

“கேக்க மாட்டேங்கிறவன் வேற. கேக்க முடியாதவன் வேற. சட்டத்துக்கு அது தெரியாது, நமக்குத் தெரியணும்.” பிறகு டோசியின் பக்கம் திரும்பினாள். குரல் பழையபடி கடுமையானது. “ஒடஞ்ச பானைக்குப் பதிலா நீ இன்னொரு நடை தண்ணி கொண்டாரணும். அந்த ஆட்டுக்கு ஒழுங்காச் சொல்லிக் குடு. அடுத்த சந்தை நாளைக்கு வந்து பாப்பேன்.”

இரண்டாவது நடை தண்ணீர் சுமந்து வரும்போதே டோசி தன் தப்பைக் கண்டுபிடித்துவிட்டாள். மணி அடிக்கிற கையும் தீனி கொடுக்கிற கையும் ஒன்றாக இருந்ததுதான் தப்பு.

மரத்துக்குப் பின்னால் ஆள் உயரத்தில் ஒரு கரையான் புற்று இருந்தது. கடாவின் கயிற்றை டான்சூவின் இடுப்பிலிருந்து அவிழ்த்துவிட்டு, அவனைப் புற்றின் மறைவில் கிழங்கோடு நிறுத்தினாள். அவள் பாதையில் நின்று மணியை ஆட்ட, கடா வழக்கம்போல அவளிடமே ஓடி வந்தது. அவள் வெறுங்கையை விரித்துக் காட்டினாள். கடாவுக்குக் கோபம் வந்து அவள் வயிற்றில் ஒரு முட்டு முட்டியது. அவள் பின்பக்கமாக மண்ணில் விழுந்தாள். எழுந்து, தூசியைத் தட்டிவிட்டு, மறுபடியும் ஆட்டினாள். டான்சூ புற்றுக்குப் பின்னாலிருந்து கிழங்கை நீட்டி ஆசை காட்டினான். கடா அவளைப் பார்த்தது, அவனைப் பார்த்தது. யார் பெரியவர் என்று முடிவுசெய்ய அதற்கு ஒரு பகல் தேவைப்பட்டது. கடைசியில் கிழங்கு ஜெயித்தது.

அடுத்த சந்தை நாள். அக்பெசி வரிசையின் முன்னால், டோசிக்கு நேர் பின்னால் நடந்து வந்தாள். அன்று ஹ்வேசி பானையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

மரத்தடியில் டான்சூ முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். டோசி ஒரு மூச்சு இழுத்துக்கொண்டு மணியை ஆட்டினாள்.

கடா எழுந்தது. பாதைப் பக்கம் ஒரு அடி வைத்தது. அப்புறம் அது என்ன நினைத்ததோ, சட்டென்று திரும்பிப் புற்றை நோக்கி இழுத்தது. டான்சூ ஓலையைப் போட்டுவிட்டு எழுந்து, அதன் பின்னாலேயே போய், புற்றுக்கு அப்பால் அதற்குக் கிழங்கைக் கொடுத்துவிட்டுக் குனிந்து நின்றான். அந்த வழியில் வந்த எந்த ஆணும் அவ்வளவு சீக்கிரம் ஒதுங்கியதில்லை.

குழு மரத்தைக் கடந்தது. கிழங்கைத் தின்று முடித்த கடா, புற்றுக்கு மேலே கழுத்தை நீட்டி, போகிற ஒவ்வொரு வீராங்கனையையும் நிதானமாக அசைபோட்டபடி பார்த்தது.

ஹ்வேசிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. “அம்மா, அது கடாதானே? அது மட்டும் நம்மளைப் பாக்கலாமா?”

அக்பெசி நின்றாள். கடாவை மேலும் கீழும் பார்த்தாள். கடாவும் அவளைப் பார்த்தது.

“பாத்துட்டுப் போகட்டும்” என்றாள். “அதுதான் வழி விட்டிருச்சே.”

அப்போது அவள் சிரித்தாள். முன்பல்லில் ஒரு சின்ன இடைவெளி இருப்பது அன்றைக்குத்தான் எல்லோருக்கும் தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊற்றுக்குப் போகிற நாளில் எல்லாம் அக்பெசியின் தோட்டாப்பையிலிருந்து வறுத்த கிழங்கு வாசம் வந்தது. மரத்தைத் தாண்டிய பிறகு அந்த வாசம் இருக்காது. அது எங்கே போனது என்று கேட்கும் தைரியம், முள்வேலி தாண்டிய அந்தப் பெண்களில் ஒருத்திக்கும் இருக்கவில்லை.