படகு விஷயமா வந்தவர்

"இது மரப்படகுக் கண்காட்சிங்க. பைபர் ஒட்டுன படகெல்லாம் அங்கிட்டு ஓரமா நிறுத்துங்க!"

நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னாள் பிரகதீஸ்வரி. மீன்வளத் துறையில் வேலைக்குச் சேர்ந்து நாலே மாதம். மணமேல்குடி கடற்கரையில் மாலை போட்டு நின்ற இருபத்திரண்டு பழைய படகுகளையும் பார்த்து, பரிசுக்குரியதற்குச் சீட்டு ஒட்டுவது அவள் பொறுப்பு.

"எங்கிட்டுங்க பைபர்?"

"இந்தா... முன்பக்கம், உள்ளாற."

"அது அடிபட்ட எடங்க. ஒட்டாம கடலுக்குப் போயிருந்தா நானே திரும்பியிருக்க மாட்டேன். அப்புறம் யாரைத் திட்டுவீங்களாம்?"

அப்போதுதான் நிமிர்ந்தாள். வெயிலுக்குச் சுருங்கிய கண்கள்... அந்தச் சுருக்கத்துக்குள் ஒரு சிரிப்பு. கோபம் எங்கே போனதென்றே தெரியவில்லை.

"பேரு?"

"படகுக்கா, எனக்கா?"

"...படகுக்கு."

"செங்கமலம். எம் பேரு நிலவழகன். கேக்கலைன்னாலும் எழுதிக்கங்க."

எழுதவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. செங்கமலத்துக்குப் பரிசுச் சீட்டு ஒட்டவில்லை. மத்தியானம் சடசடவென்று ஆவணி மழை பிடித்துக்கொண்டபோது, மீன் ஏலக்கூடத்தில் அவளுக்கு முன்னால் டீயை நீட்டியவன் அவன்தான்.

"பரிசு குடுக்காத கோவம் இல்லையா?"

"இருக்கு. டீயைக் குடிங்க, அப்புறம் சண்டை போடுவோம்."

சண்டை போடவேயில்லை. போனில் பேசினார்கள். அவன் கரையேறியதும் முதலில் சொல்வது அன்றைக்கு அடித்த காற்றைத்தான். சோழகம், கொண்டல், வாடை... கடலே இல்லாத கீரனூரில் பிறந்தவள், அறைக்குள் உட்கார்ந்தபடியே கடலின் காற்றையெல்லாம் கற்றுக்கொண்டாள். ஐந்து மாதம் அப்படிப் போனது.

"வீட்டுக்கு வாங்க. அப்பாகிட்ட நானே சொல்றேன்" என்று கூப்பிட்டதும் அவள்தான்.

தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தேய்த்த வெள்ளைச் சட்டையும் கையில் பழப்பையுமாக, இரண்டு பஸ் மாறி வந்து நின்றான். அவள் அப்பா, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஆத்மநாதன் வாசலிலேயே கேட்டார்.

"தம்பி என்ன பண்றீங்க?"

"கடலுக்குப் போறேங்கய்யா. சொந்தப் படகு."

அப்பாவின் முகம் மாறியது. உள்ளே வாருங்கள் என்று சொல்ல வந்த வாய் மூடிக்கொண்டது. மெல்ல மகள் பக்கம் திரும்பினார்.

"ஒனக்குத் தெரிஞ்சவராம்மா?"

எத்தனையோ தடவை தனியாகச் சொல்லிப் பார்த்த பதில் அது. வாயைத் திறந்தபோது வந்தது வேறு.

"ஆபீஸ்ல... படகு விஷயமா வருவாருப்பா."

நிலவழகன் அவளை ஒரே ஒரு முறை பார்த்தான். பிறகு அவள் சொன்ன பொய்யை அவனே தாங்கிக்கொண்டான்.

"ஆமாங்கய்யா. படகு விஷயமாத்தான் வந்தேன். வாரேங்க."

பழப்பையைப் படியில் வைத்துவிட்டு நடந்தான். அவள் கூப்பிடவில்லை. முதல் வாரம், அவரே கூப்பிடட்டும் என்ற வீம்பு. அதற்கப்புறம் ஆறு மாதம், எந்த முகத்தோடு கூப்பிடுவது என்ற வெட்கம்.

மறுபடியும் ஆவணி வந்தது. மறுபடியும் கண்காட்சி. கூட்டம் கலைந்த சாயங்காலம், படகுக்குள் குனிந்து கயிறு சுருட்டிக்கொண்டிருந்தவன் முன்னால் போய் நின்றாள்.

"நேத்து அப்பாகிட்ட சொல்லிட்டேன்."

"என்னன்னு?"

"அன்னைக்கு வந்தவரைத்தான் கட்டிக்க நெனைச்சேன்னு. அதுலேருந்து எங்கிட்ட பேசல... பரவாயில்ல. எனக்கு உங்களைப் பிடிக்கும். இதை அன்னைக்கே வாசல்ல வச்சுச் சொல்லியிருக்கணும்."

கயிறு அவன் கையில் நின்றது.

"உங்கப்பா மூஞ்சி மாறுனது எனக்கு வலிக்கலைங்க. அது தெரிஞ்சதுதான். நீங்க என்ன சொல்வீங்கன்னு உங்க வாயைப் பாத்துக்கிட்டு நின்னேன் பாருங்க... அந்த நிமிசந்தான் இன்னும் போகமாட்டேங்குது."

"இனிமே அப்படி ஆகாது..."

"நம்புறேங்க. ஆனா மறுபடியும் ஒருத்தர் கேப்பாங்க, மறுபடியும் நான் உங்க வாயைப் பாத்துக்கிட்டு நிப்பேன். அந்தத் தெம்பு எனக்கு இல்ல."

அவள் கண்கள் நிறைந்தன. துடைக்கவில்லை.

"போன்லயாச்சும்... எப்பவாவது கூப்பிடட்டுமா?"

"வேணாங்க" என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல். "கூப்பிட்டா... எடுத்துருவேன்."