படிக்காத நாலாம் பக்கம்

மழை பிடித்துக்கொண்டால் கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்தில் ஒழுகாத இடம் ஒன்றே ஒன்றுதான். அது ஒரு தலைவரின் பிறந்தநாள் பிளக்ஸுக்குக் கீழே. மணிமொழி அங்கே ஒதுங்கினாள். சும்மா நிற்க முடியவில்லை. 'ஏழைகளின் இதயமே' என்ற வரியை அண்ணாந்து பார்த்து, 'எந்த ஏழை? யார் கேட்டது? ஆதாரம்?' என்று மனசுக்குள் கோடு போட்டாள்.

எல்லாம் ராதிகா மேடத்தின் விமர்சன வாசிப்பு வகுப்பால் வந்த வினை. மூட்டுவலித் தைலம் விளம்பரத்திலிருந்து அப்பா பேசும் குலப்பெருமை வரை இப்போதெல்லாம் எதையும் நம்ப முடிவதில்லை. வகுப்பில் அவள் பெயர் 'கழுகு'. அடுத்தவர் கட்டுரையைப் பச்சை மையில்தான் திருத்துவாள். பச்சை மை கெசட்டட் அதிகாரிகளுக்கு உரியது என்று தெரிந்தேதான்.

பக்கத்தில் யாரோ சிரித்தார்கள்.

திரும்பினாள். தலையிலிருந்து சொட்டும் நீரைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் ஒருவன் சில காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தான். ஓரமெல்லாம் பச்சை மை... அவளுடைய பச்சை மை.

கல்லூரிக் கருத்தரங்குக்கு ஆள் தேர்ந்தெடுக்க, பெயரை மறைத்து மேடம் துறை விட்டுத் துறை மாற்றிக் கொடுத்த கட்டுரை அது. கரும்பு அரவைக் காலத்தில், வெட்டுக்குப் போகும் மாணவர்களுக்கு வருகைப் பதிவில் தளர்வு வேண்டும் என்று வாதாடியது. எழுதியவன் யாரென்று இன்றுதான் பார்க்கிறாள். திருத்தியவள் யாரென்று அவனுக்குத் தெரியாது.

"இன்னாங்க, எட்டிப் பாக்கறீங்க?"

"இல்ல... ஒரே கோடா இருக்கே."

"யாரோ ஒரு மகாராணி கிழிச்சித் தொங்க வுட்டிருக்காங்க. 'இது வாதமா, ஒப்பாரியா?'ன்னு கேட்டிருக்காங்க பாருங்க."

"கோவம் வரலியா?"

அவன் நிமிர்ந்தான். மழைக்கு முந்தைய கல்வராயன் மலை போலக் கறுத்த கண்கள்... 'உவமை மிகை' என்று மனம் கோடு போட்டது. போட்டுவிட்டு மறுபடியும் பார்த்தது.

"வந்துச்சி. கருத்தரங்குலயும் என் பேரு வரல. அப்புறம் யோசிச்சேன்... எங்க வூட்லகூட நான் சொல்றத இவ்ளோ பொறுமையா யாரும் கேட்டதில்ல. நாலாம் பக்கத்துல பாருங்க, ஒரு கோடு இல்ல. உசுரக் குடுத்து எழுதினது அதான். அது அவங்களுக்குப் புடிச்சிருக்கும் போல."

மணிமொழிக்கு உடம்பு கூசியது. நாலாம் பக்கத்தை அவள் படிக்கவே இல்லை. மூன்றாம் பக்கம் முடியும்போது பசித்தது. 'எதிர்த்தரப்பைக் கேட்கவே இல்லை. கருத்தரங்குக்குத் தகுதியில்லை' என்று தனித்தாளில் எழுதி மேடத்திடம் கொடுத்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டாள். அவனுக்குப் போயிருக்க வேண்டிய இடம் அவளுடைய கட்டுரைக்கே வந்தது.

"குடுங்க... பாக்கறேன்."

பக்கம் முழுக்க எதிர்த்தரப்பு. தளர்வு கூடாது என்பவர்களின் நியாயத்தை, அவர்களுக்கே சொல்லத் தெரியாத அளவுக்கு அழகாகச் சொல்லியிருந்தான். 'தளர்வு கிடைத்தால் வீட்டில் எங்களைப் படிக்க விடாமல் வெட்டுக்கே அனுப்பிவிடுவார்கள். அந்தப் பயம் எனக்கும் உண்டு' என்று ஒரு வரி... அவள் ஏற வேண்டிய தியாகதுருகம் பஸ் வந்தது, போனது. அவள் இன்னும் அந்த வரியிலேயே நின்றாள்.

"எம்பேரு பகலவன். ஹிஸ்டரி. மூங்கில்துறைப்பட்டு. நீங்க?"

"கெமிஸ்ட்ரி" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

அதன் பிறகு இருப்புக் கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தால் நாலாம் பக்கம். ஜன்னலைத் திறந்தால் அந்தக் கண்கள். கல்லூரி வாசலில் வேறு அவள் படத்தோடு பிளக்ஸ், 'ஆய்வுச் சுடரே வருக' என்று. சிங்கப்பூரிலிருந்து கல்லூரி முதல்வரின் மச்சான் ஜூமில் வாழ்த்தப் போவதால் அது பன்னாட்டுக் கருத்தரங்கு. அப்பா கந்தசாமி அந்தப் படத்தைச் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் அவருக்குப் புரியவே இல்லை.

"இதுக்கா மூஞ்சத் தூக்கி வச்சிக்கினு இருக்க? நானே பேப்பர்ல தலைப்பு மட்டும் படிச்சிட்டு நாள் பூரா பேசறேன். யாரு கேக்கறா?"

காலையில் மேடத்தின் மேசை முன் நின்றாள். "பகலவன் கட்டுரைய நான் முழுசாப் படிக்கல மேடம்."

"யாரு... நீயா?" மேடம் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப உன் பேர எடுத்துட்டு அவன் பேரப் போடணும். பிளக்ஸ் அடிச்சாச்சேம்மா."

"கிழிச்சிடுங்க மேடம்."

கருத்தரங்கு அன்று, அரங்கத்துப் பின்வாசலில் கட்டுரையோடு அவன் நடந்துகொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "கெமிஸ்ட்ரி... என் பேரு வந்துட்சி, தெரியுமா?"

"தெரியும். பச்சை மை நான்தான். நாலாம் பக்கத்த நான் படிக்கவே இல்ல. அதான் கோடு இல்ல."

மலர்ச்சி மெல்ல வடிந்தது.

"லூசு மாதிரி அத நெனச்சி நெனச்சி சந்தோஷப்பட்டுக்கினு இருந்தேங்க" என்றான். திரும்பிக்கொண்டான்.

போய்விடலாம் என்று கால் சொன்னது. அவள் போகவில்லை.

"மீதியும் கேளுங்க... அன்னிக்கு பஸ்ஸ வுட்டுட்டு அதப் படிச்சேன். வூட்டுக்குப் போயும் மனசுல அதான் ஓடிக்கினு இருந்துச்சி. ஒரு குத்தமாச்சும் கெடச்சா நிம்மதியாத் தூங்கலாம்னு பாத்தேன். கெடைக்கல. அதுக்குள்ள எழுதினவரையே புடிச்சிப்போச்சி. இத எப்பிடிச் சொல்றதுன்னு எனக்குத் தெரியல... சொல்லிட்டேன்."

உள்ளே முதல்வர், 'உலகமே திரும்பிப் பார்க்கும் இந்நன்னாளில்' என்று மைக்கில் முழங்கினார். பாதி நாற்காலிகள் காலி. பிறகு பகலவனின் பெயரை அழைத்தார்கள்.

"கூப்புடறாங்க" என்றாள் தரையைப் பார்த்தபடி.

"கூப்புடட்டும்." இப்போது அவளைப் பார்த்தான். "கோவம் இன்னும் போவல எனக்கு. ஆனா அன்னிக்கு நீங்க பஸ் ஏறினதுலருந்து, எந்த பஸ் வந்தாலும் ஜன்னல் ஜன்னலாப் பாத்துக்கினு நிக்கறேன். அதுவும் இருக்கு, இதுவும் இருக்கு. படிச்சிட்டு வரேன்... போயிடாதீங்க."