கைரேகை விழுந்த இறுவட்டு

சண்டை நிறுத்தம் வந்த அந்தத் தை மாதம், பதினொரு வருடத்துக்குப் பின் ஜெர்மனியிலிருந்து குருநகர் வீட்டுக்கு வந்த யாகப்பு, வாசல் படலையிலேயே மூக்கைச் சுளித்தான். உப்புக்காற்று, கருவாடு, மண்ணெண்ணெய்ப் புகை. அக்கா கத்தரீனா இதற்குள்தான் கிடந்து உழல்கிறாள்.

அவளுக்கென்று அவன் கொண்டுவந்தது ஒரு இறுவட்டு, சீடி. செத்துப்போன தாய் லூர்த்தம்மா முன்பு வெற்றிலை குதப்பிய வாயோடு கசற்றில் பேசி அனுப்பியதை அங்கே அதில் பதிந்திருந்தான்.

"கசற்றைப் பூஞ்சணம் தின்னும். உது நூறு வருசம் கிடக்கும், ஒழுங்கா வைச்சிருந்தால். விளிம்பிலை பிடி. வெயில் படக்கூடாது. துடைக்கிறதெண்டால் நடுவிலையிருந்து வெளியாலை. உனக்கெங்கை உதெல்லாம் விளங்கப்போகுது?"

கத்தரீனா அதைத் தொடவில்லை. "அம்மாவுக்குப் பெட்டிக்கை கிடக்கப் பிடியாது," என்றாள் மெதுவாக. "அடக்கத்துக்கு வந்திருந்தால் உனக்குத் தெரிஞ்சிருக்கும்."

"விசர்க்கதை கதையாதை."

மறுநாள் மத்தியானம் இறுவட்டு யன்னலடி வெயிலில் கிடந்தது. மினுங்கும் பக்கத்தில் ஒரு பெருவிரல் அடையாளம். அக்காவை வாய்க்கு வந்தபடி ஏசினான். துடைத்து, சூட்கேசில் வைத்துப் பூட்டி, திறப்பைக் கழுத்துச் சங்கிலியில் கொழுவிக்கொண்டு குளிக்கப் போனான்.

கிணற்றடியிலிருந்து திரும்பியபோது, மறுபடியும் வெயிலில்.

சூட்கேஸ் பூட்டியபடியே இருந்தது.

இந்த முறை ரேகையை உற்றுப் பார்த்தான். குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு. மீன் வெட்டும்போது கத்தி பட்டு லூர்த்தம்மாவின் பெருவிரலில் விழுந்த தழும்பு. கத்தரீனா தன் இரண்டு பெருவிரல்களையும் நீட்டினாள். வடுவே இல்லை.

இறுவட்டைத் தான் கொண்டுவந்த சீடிக் கருவியில் போட்டு ஹெட்போனை மாட்டினான். 'மகன், சுகமா இருக்கிறியோ' என்றுதான் அது தொடங்க வேண்டும்.

மூச்சு மட்டும் கேட்டது.

கிட்டத்தில். மிகக் கிட்டத்தில்.

"இப்பதான் வழி தெரிஞ்சதோ?" காறி உமிழ்வது போன்ற குரல். "என்னை மண்ணுக்கை இறக்கேக்கை எங்கையடா நிண்டனீ?"

இறுவட்டை இரண்டாக முறித்து எறிந்தான். பின்னேரமே கிளாலித் துறைக்குப் போய்ப் படகு ஏறினான். வழியனுப்பக் கத்தரீனா படலை வரைகூட வரவில்லை.

கரை மறைந்த பிறகுதான் நெஞ்சுப் பாரம் இறங்கியது. சனமெல்லாம் முன்னால், அவன் கடைசிப் பலகையில் தனியே. பின்னாலிருந்து படகோட்டி கூப்பிட்டான்.

"அண்ணை, பக்கத்திலை இருக்கிற அம்மா ஆர்? உங்களிலையெல்லோ துப்புறா!"

யாகப்பு குனிந்தான்.

வெள்ளைச் சேட்டின் மார்பில், சிவப்பாய், சூடு ஆறாமல், வெற்றிலைச் சாறு வழிந்துகொண்டிருந்தது.