தாங்கி வரிசை

ஹர்ஷிதா வினாத்தாளைத் திருப்பினாள். இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்த பூங்கோதைக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது.

பூங்கோதை தன் வினாத்தாளை இன்னும் தொடவில்லை. வந்தது அவளுடைய பயம் இல்லை. குதிகாலைத் தரையில் அழுத்திக்கொண்டு, ஜன்னலுக்கு வெளியே நெடுஞ்சாலையில் போகும் லாரிகளை எண்ணினாள். பதினான்காவது லாரியில் மூச்சு சீரானது. அதற்குப் பிறகுதான் எழுத ஆரம்பித்தாள். எல்லாத் தேர்விலும் அவளுக்கு ஐந்து நிமிடம் இப்படிப் போய்விடும்.

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த விடுதிப் பள்ளியில் பதினாறு பேர் மணிக்கட்டில் பகிர்வளையம் அணிந்திருந்தார்கள். பயம் என்பது நரம்பில் ஓடும் ஒரு செய்தி. வளையம் அதை ஒரு உடம்பிலிருந்து எடுத்து இன்னொரு உடம்பில் சேர்த்துவிடும். அழிக்க அதனால் முடியாது. ஆற்றலைப் போலத்தான், இடம் மட்டும் மாறும். அதனால் முன்னணி மாணவர்கள் எட்டுப் பேருக்கும், அவர்கள் பயத்தை வாங்கிக்கொள்ள, ஆளுக்கொரு தாங்கி. ஹர்ஷிதாவுக்குப் பூங்கோதை.

பூங்கோதை கடலூர்ப் பக்கத்துப் பெண். பதின்மூன்று வயதில், வெள்ளத்தின்போது, வீட்டுக் கூரைமேல் பதினோரு மணி நேரம் இருந்தவள். ஏறும்போது நான்கு பேர். இறங்கும்போது மூன்று பேர். தம்பி இல்லை. தண்ணீரில் மிதந்து வந்த பொருள்களை எண்ணிக்கொண்டே அந்த நேரத்தைக் கடந்தாள். அவளுடைய விண்ணப்பத்தைப் படித்த தணிகாசலம் சார், "இவ தாங்குவா" என்றார். பள்ளியின் பொறுப்பாளர் அவர். பாராட்டாகத்தான் சொன்னார்.

அன்று மாலை தண்ணீர்க் குழாய் பக்கத்தில் ஹர்ஷிதா சொன்னாள்: "நேத்து எங்கப்பா போன்ல கத்துனாருடி. மார்க் கொறஞ்சா வீட்டுப் பக்கம் வராதன்னுட்டாரு. எனக்கு ஒண்ணுமே தோணல. சிரிப்புதான் வந்துச்சு."

"தெரியும். சாப்ட்டுட்டு இருந்தேன். சோறு தொண்டையிலயே நின்னுடுச்சு."

"ஐயோ, சாரிடி."

"பரவால்ல. இனிமே சாப்பாட்டு நேரத்துல கத்த வேணாம்னு சொல்லு."

மருத்துவ நுழைவுத் தேர்வு நாள் வந்தது. மையத்தின் வாசலில் தோடு, கொலுசு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்ற வைத்தார்கள். கழற்றிய ஷூக்கள் சுவர் ஓரம் குவிந்திருந்தன. வளையம் ஒரு மருத்துவக் கருவி என்ற சான்றைத் தணிகாசலம் சார் முன்பே வாங்கி வைத்திருந்தார். காவலர் ஹர்ஷிதாவின் சான்றைப் படித்துவிட்டு அவளை உள்ளே விட்டார்.

"உன்னோடது எங்கம்மா?" என்று பூங்கோதையைக் கேட்டார்.

தணிகாசலம் சார் கோப்பைப் புரட்டினார். எட்டுச் சான்றுகள் இருந்தன. எட்டும் முன்னணி மாணவர்களுக்கு. தாங்கிகளும் தேர்வு எழுதுவார்கள் என்பது அவருக்கு நிஜமாகவே நினைவில் இல்லை.

அவளைத் தனியே கூப்பிட்டார். "பூங்கோத, நீ அந்த மரத்தடியில உக்காந்துக்கம்மா. வளையத்த மட்டும் கழட்டிடாத. மூணு மணி நேரந்தான். நீ அடுத்த வருஷம் எழுதிக்கலாம்."

பூங்கோதை தன் நுழைவுச்சீட்டைப் பார்த்தாள். அதில் அவளுடைய முகம் இருந்தது.

"இல்ல சார். நான் இன்னிக்கே எழுதுறேன்."

வளையத்தைக் கழற்றி அவர் கையில் வைத்தாள். பின்னால் நின்ற மற்ற ஏழு தாங்கிகளும் அப்படியே செய்தார்கள்.

வாசலுக்கு உள்ளே பத்தடி தூரம் போயிருந்த ஹர்ஷிதா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். இரண்டு வருடமாக அவளிடம் தங்காத பயம் திரும்பி வந்துவிட்டது. மணி ஒன்று இருபது. ஒன்றரைக்குத் தேர்வுக்கூடத்தின் கதவை மூடிவிடுவார்கள். பூங்கோதை சோதனையை முடித்துக்கொண்டு உள்ளே வந்தாள். கூடம் இடதுபக்கம் இருந்தது. அவள் நேராக ஹர்ஷிதாவிடம் போனாள்.

"என்னமோ பண்ணுதுடி. நான் செத்துருவேனா?"

"மாட்ட. ரெண்டு வருஷமா நான் சாகல இல்ல." பூங்கோதை பக்கத்தில் குந்தினாள். "உன் பயம் எனக்கு நல்லாத் தெரியும். மொதல்ல வயித்துல வரும். அப்புறம் வெரல் மரத்துப்போவும். அதுக்கப்புறம் தானா எறங்கிடும். இப்ப வெரலுக்கு வந்துருச்சா?"

ஹர்ஷிதா தலையாட்டினாள்.

"அப்போ பாதி முடிஞ்சிருச்சு. குதிகால அழுத்திக்க. அங்க கெடக்குற ஷூவெல்லாம் எண்ணு."

"எதுக்கு?"

"எண்ணுடி."

காவலர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஹர்ஷிதா எண்ணினாள். முப்பதைத் தாண்டியபோது குரலில் நடுக்கம் குறைந்தது.

"ஒண்ணு மட்டும் ஒத்தையா கெடக்கு" என்றாள்.

"அதையும் சேத்துக்க. எந்திரி."

ஒன்று இருபத்தெட்டுக்கு இருவரும் கூடத்துக்குள் போனார்கள்.

பூங்கோதை தன் இடத்தில் உட்கார்ந்து, வினாத்தாளைத் திருப்பி, குதிகாலை அழுத்திக் காத்திருந்தாள். பயம் வந்தது. வயிற்றில் லேசாக ஒரு புரட்டல். அவ்வளவுதான். அது அவளுடையது மட்டும். இவ்வளவு சின்னதா என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. உடனே எழுதத் தொடங்கினாள். அந்த ஐந்து நிமிடம் முதல்முறையாக அவள் கையில் இருந்தது.

அந்த ஆண்டு பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைத்தவர்கள் ஒன்பது பேர். அதில் ஆறு பேர் தாங்கிகள். மீதி மூவரில் ஹர்ஷிதாவும் ஒருத்தி. அப்பா எதிர்பார்த்ததைவிடக் குறைந்த மதிப்பெண்தான். ஆனாலும் வீட்டுக்குப் போனாள்.

அடுத்த சேர்க்கையின்போது தணிகாசலம் சார் பூங்கோதைக்குப் போன் செய்தார். அவள் மருத்துவக் கல்லூரி விடுதியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள்.

"நூத்தி இருபது பேரு வந்திருக்காங்கம்மா. எல்லாப் பெத்தவங்களும் தாங்கி வரிசையிலதான் சேப்போம்னு நிக்கிறாங்க. முன்னணிக்கு ஒருத்தரும் இல்ல. இந்தப் புள்ளைங்க யாரோடதத் தாங்குறது?"

"அவங்கவங்களோடத சார்."

"அப்போ இத்தன வளையத்த வச்சுக்கிட்டு நான் என்னம்மா பண்றது?" அவருக்கு மூச்சு வாங்கியது.

பூங்கோதை அடுத்த துணியை உதறிக் கொடியில் போட்டாள்.

"குதிகால அழுத்திக்கிட்டு ஒவ்வொண்ணா எண்ணுங்க சார்" என்றாள். "கொஞ்ச நேரத்துல எறங்கிடும்."