ஏழாவது பெட்டி வாசல்

ஆள் இருக்கக் கூடாது. மதுரை டிராவல்ஸ்காரர் போனில் மூன்று தடவை சொன்ன நிபந்தனை அது ஒன்றுதான். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் வரைக்கும் கரி வண்டி போவதைப் படம் பிடிக்க வேண்டும். புகை வரலாம், மலை வரலாம், கண்மாயும் தென்னந்தோப்பும் வரலாம். மனித முகம் மட்டும் எங்கேயும் வரக் கூடாது. மீட்டர் கேஜில் ஓடுகிற கடைசி நீராவி என்ஜின்களை வெளிநாட்டுக்காரர்கள் வீட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டு பார்ப்பார்களாம். தவசிமுத்துவுக்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாகக் கல்யாண வீடுகளில் ஆளை மட்டுமே படம் பிடித்தவன் அவன். பந்தியில் ஒருவர் அப்பளத்தோடு வாயைத் திறக்கிற நேரம் பார்த்து லைட்டைப் போட்டு, ராஜபாளையம் முழுக்க ஏச்சு வாங்கியவன். ஆனால் சிரித்துப் பதினோரு மாதமாகிவிட்டது. சரி என்று சொல்லிப் போனை வைத்தான்.

காலை வண்டியில் கூட்டம் இருக்காது. அப்படியும் பெட்டி பெட்டியாக ஏறி, வாசலில் யாரும் நிற்காதீர்கள், தலையை வெளியே நீட்டாதீர்கள் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொண்டான். என்ஜினுக்குப் பின்னால் ஏழு பெட்டி. ஏழாவதின் கடைசி வாசலில் கம்பியோடு சேர்த்துத் தன்னைத் துண்டால் கட்டிக்கொண்டு நின்றான். தண்டவாளம் வளையும் இடத்தில் முழு வண்டியும் வில்லாக வளைந்து கேமராவுக்குள் வந்தது. கரும்புகை மலையை விட்டுக் கிழக்கே சாய்ந்தது. நல்ல ஷாட். கண்ணால் பார்த்தபோது ஏழு பெட்டியின் வாசல்களும் காலியாக இருந்தன. அது சத்தியம்.

அன்று மத்தியானம் வீட்டு முன்னறைக்கு அடுத்த எடிட்டிங் அறையில் டேப்பைப் போட்டுப் பார்த்தபோது, அந்த வளைவில், இரண்டாவது பெட்டி வாசலில் ஆள் இருந்தது.

பொம்பளை. ஒரு கை கம்பியில், ஒரு கை முகத்தில். விரல் நுனியளவு உருவம்தான், அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. எவளோ சொன்ன பேச்சைக் கேட்காமல் வந்து நின்றிருக்கிறாள் என்று நினைத்து, எந்த இடத்தில் வெட்டலாம் என்று பார்ப்பதற்காக டேப்பைப் பின்னால் ஓட்டினான். வீடியோ டெக்கின் கவுன்டரில் நானூற்றுப் பன்னிரண்டு. மறுபடி ஓடவிட்டான்.

அவள் மூன்றாவது பெட்டியில் நின்றாள்.

எண்ணினதில் தப்பு என்று நினைத்துக்கொண்டான். அப்படித்தான் யாரும் நினைப்பார்கள். ஆனால் மூன்றாவது பெட்டியில் அவள் சேலை நிறம் தெரிந்தது. கத்திரிப்பூ நிறம். டெக்கை நிறுத்திவிட்டு அடுப்படிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தான். சொம்பைக் கழுவிக் கவிழ்த்து வைத்தான். பயமாக இருக்கிறதா என்று தன்னையே கேட்டுப் பார்த்தான். ஒன்றும் இல்லை. பல் பிடுங்குகிற டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருந்தது.

அவன் பெண்டாட்டி சண்முகத்தாய் செத்தது அதே வளைவில்தான். போன ஆடியில், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் தேருக்குப் போய்விட்டுச் சாயங்கால வண்டியில் திரும்பும்போது நடந்தது. தேர்க் கூட்டம், உட்கார இடமில்லாமல் வாசலில் நின்றிருக்கிறாள். வீட்டுக்குப் போகிற அவசரத்தில் தலையை நீட்டி ஊர் வந்துவிட்டதா என்று பார்த்தாளாம். என்ஜின் கரி கண்ணில் விழுந்ததாம். கண்ணைக் கசக்கக் கையை எடுத்தாளாம். பக்கத்தில் நின்றவர்கள் சொன்னது அவ்வளவுதான். யார் மேலும் குற்றமில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். இவனும் கையெழுத்துப் போட்டான்.

குற்றம் ஒன்று இருந்தது. அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையில் அவள், "ஆடி மாசத்துல உங்களுக்கு எந்த ஊர்க் கல்யாணம் இருக்கு? தேருக்குச் செத்த நேரம் வந்தா என்ன?" என்று கேட்டாள். அவன் கேமராவைப் பிரித்துத் துடைத்துக்கொண்டிருந்தான். பதில் சொல்லவில்லை. அவள் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "போறேன்" என்றாள். போயிட்டு வாரேன் என்று சொல்லவில்லை. கோபத்தில் வேண்டுமென்றே வெறுமனே போறேன் என்றாள். எதிரிகூட ஒருத்தியை அப்படிப் போகவிட மாட்டான். 'ஏட்டி, வாரேன்னு சொல்லிட்டுப் போ' என்று ஒரு வார்த்தை, தலையை நிமிர்த்தாமலேகூடச் சொல்லியிருக்கலாம். லென்ஸில் ஒரு தூசி இருந்தது. அவன் அதை ஊதிக்கொண்டிருந்தான்.

அதிலிருந்துதான் மகளுக்கு அந்தப் பழக்கம் வந்தது. சீனியம்மாளுக்கு ஐந்து முடிந்து ஆறு நடக்கிறது. இந்த ஆனியில்தான் ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். பள்ளிக்கூடமோ மிட்டாய்க் கடையோ, எங்கே கிளம்பினாலும் வாசலில் நின்று, "போயிட்டு வாரேம்ப்பா" என்று சொல்ல வேண்டும். அவன் "வா" என்று சொன்ன பிறகுதான் படியைத் தாண்ட வேண்டும். முதல் மாதம் இரண்டு தடவை மறந்து ஓடினாள். இரண்டு தடவையும் அடித்தான். அழுதுகொண்டே கற்றுக்கொண்டாள். இப்போது அவன் குளித்துக்கொண்டிருந்தாலும் நிலைப்படிக்கு உள்ளேயே, "வா" என்று காதில் விழும்வரை பையைச் சுமந்துகொண்டு நிற்பாள்.

மறுநாள் மத்தியானம் அவன் டேப்பைப் போட்டபோது அக்கா வெள்ளத்தாய் காப்பியோடு உள்ளே வந்தாள். நூல் மில்லில் ரெண்டாம் ஷிப்டுக்குப் போகிறவள்; சண்முகத்தாய் போன பிறகு இந்த வீட்டை அவள்தான் நடத்துகிறாள். டிவியில் வண்டி வளைந்தது. நாலாவது பெட்டி. வெள்ளத்தாய் கையிலிருந்த டம்ளரை மெதுவாக மேஜையில் வைத்தாள்.

"ஏலே தவசி. இது நம்ம சண்முகத்தாய்ல்லா?"

"ம்."

"ம்ங்கியே! எப்பம் எடுத்தது?"

"நேத்து."

வெள்ளத்தாய் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு கையை நீட்டி டிவியை அணைத்தாள். "அழிச்சிரு. பிள்ள கண்ணுல பட்டா என்னத்துக்கு ஆகும்? இன்னைக்கே அழிச்சிரு."

"அழிக்கேன்."

"நான் கண்ணால பாக்கணும்."

"ஷிப்டுக்கு நேரமாச்சு. நீ போயிட்டு வா, அழிச்சிருக்கேன்."

அவன் அழிக்கவில்லை. அழிப்பது பெரிய வேலையா என்ன? ரெக்கார்டு பொத்தானை அழுத்திவிட்டுக் காப்பி குடித்தால் முடிந்தது. ஆனால் ஐந்தாவது பெட்டிக்கு அவள் வந்தபோது வாய் அசைவது தெரிந்தது. முகத்தில் இருந்த கை கண்ணைக் கசக்கிக்கொண்டே இருந்தது. அதற்குக் கீழே வாய் திறந்து மூடிற்று. ஒரே சொல். சின்னச் சொல். அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிய வேண்டும். பதினோரு மாதத்தில் அவனுக்கு வேண்டும் என்று தோன்றிய ஒரே பொருள் அதுதான். அவன் அழாததைப் பற்றி ஊரார் பேசினதெல்லாம் காதில் விழுந்திருந்தது. அந்தச் சொல்லைக் கேட்டால் அழுகை வந்துவிடும் என்று நினைத்தான். அழுதுவிட்டால் பிறகு சோறு சோறாக இருக்கும், மகள் மகளாக இருப்பாள் என்று நினைத்தான்.

மூன்றாம் நாள் வெயில் கொளுத்தியது. ஆனியில் மலைப்பக்கமிருந்து எப்போதும் வருகிற காற்று அன்று பேருக்குக்கூட இல்லை. சனிக்கிழமை. பள்ளிக்கூடம் அரை நாள். சீனி சாப்பிட்டுவிட்டு முன்னறையில் பாய் விரித்துப் படுத்திருந்தாள். காலையிலிருந்து கண் உறுத்துகிறது என்று கசக்கிக்கொண்டே இருந்தவள் அப்படியே தூங்கிப்போனாள். வெள்ளத்தாய் மில்லுக்குப் போய்விட்டாள். தெருக்கதவு திறந்து கிடந்தது. தவசிமுத்து எடிட்டிங் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினான்.

ஆறாவது பெட்டி. என்ஜின் இரைச்சல், சக்கரத்தின் தடதடப்பு, அதற்கு மேலே காற்று மைக்கில் மோதுகிற சத்தம். வாய் அசைந்தது. கேட்கவில்லை. பின்னால் ஓட்டினான். வால்யூமை முழுக்கத் திருகினான்.

ஏழாவது பெட்டி. அவன் நின்ற பெட்டி. அதன் முன்வாசல். எட்டிப் பிடிக்கிற தூரம். கத்திரிப்பூச் சேலையின் முந்தானை காற்றில் விறைத்துப் பின்னோக்கிப் படபடத்தது. முடி முழுக்கக் கரி. ஒரு கை கண்ணைக் கசக்கிக்கொண்டிருந்தது. விடாமல். பதினோரு மாதமாகக் கசக்கிக்கொண்டிருந்த மாதிரி. அவள் முகத்தை நேராகக் கேமராவுக்குத் திருப்பினாள்.

"வாரேன்" என்றாள்.

அவள் குரல்தான். சந்தேகமில்லை. வாரேன். சொல்லாமல் போன சொல். அவனுக்கு உள்ளே ஏதோ அசைந்தது. யோசிக்கவே இல்லை, வாசலிலிருந்து யாராவது வாரேன் என்றால் வாய் தானாகச் சொல்லுமே, அதைச் சொன்னான்.

"ம். வா."

சொன்ன பிறகுதான் உறைத்தது. போகிறவர்களும் வாரேன் என்பார்கள். வருகிறவர்களும் வாரேன் என்பார்கள்.

டேப்பைப் பின்னால் ஓட்டினான். விரல் பொத்தானில் இரண்டு தடவை வழுக்கியது. நானூற்றுப் பன்னிரண்டு. ஓடவிட்டான். வண்டி வளைந்தது. புகை கிழக்கே சாய்ந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. ஏழு பெட்டி வாசலும் காலி. மறுபடி ஓட்டினான். காலி. டிராவல்ஸ்காரர் கேட்ட மாதிரியே, ஒரு ஆள் இல்லாத அருமையான ஷாட்.

கரன்ட் போயிற்று. மத்தியான நேரத்தில் தினமும் போவதுதான். டிவி ஒரு புள்ளியாகச் சுருங்கி அணைந்தது. மின்விசிறி சுற்றி ஓய்ந்தது. இருட்டில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் ஒன்று புரிந்தது. ஹெட்போனில் வண்டி இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

கழற்றி மேஜையில் வைத்தான்.

தடதட, தடதட. சத்தம் குறையவில்லை. அது இப்போது முன்னறைப் பக்கமிருந்து வந்தது. சாத்தின கதவுக்குக் கீழே கரிப்புகை நாற்றம் நுழைந்தது. சுடுதண்ணீரும் எண்ணெயும் கலந்த என்ஜின் நாற்றம். பற்களுக்கிடையே கரித்தூள் நறநறத்தது. எழுந்து கதவைத் திறந்தான்.

பாய் காலி.

சீனி தெருவாசலில் நின்றாள். நிலைப்படிக்கு உள்ளே. செருப்புப் போட்டிருந்தாள். பள்ளிக்கூடப் பை முதுகில் இருந்தது. வெளியே வெள்ளை வெயில். எதிர்வீட்டுக் கொடியில் துணி அசையவில்லை. நிலையில் கட்டிய மாவிலை அசையவில்லை. படிக்கு அந்தப்புறம் சண்முகத்தாய் நின்றாள். முந்தானை அவளுக்குப் பின்னால் விறைத்துப் படபடத்துக்கொண்டிருந்தது. கூந்தலும் அப்படியே. காற்றே இல்லாத தெருவில் அவள் ஒருத்தி மேல் மட்டும் வண்டி வேகத்தில் காற்று அடித்தது. ஒரு கை கண்ணைக் கசக்கியது. மறு கை நீண்டிருந்தது. ஓடுகிற வண்டியில் ஏற வருகிறவர்களுக்கு உள்ளேயிருந்து நீட்டுவார்களே, அப்படி.

சீனி திரும்பி அப்பாவைப் பார்த்தாள். தூக்கம் கலையாத முகம். ஒரு கண் சிவந்திருந்தது.

"போயிட்டு வாரேம்ப்பா."

அவன் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்க வேண்டும். எட்டு அடிதான். கால் வரவில்லை. பதினோரு மாதமாக நெஞ்சில் கிடந்த மரப்பு இப்போது கால்வரை இறங்கியிருந்தது. நெஞ்சு விழித்துக்கொண்டு அடித்தது. பயமாக இருந்தது. கடவுளே, இப்போது பயமாக இருந்தது. கண்ணீர் கைமேல் ஓடியது. கால் மட்டும் வரவில்லை.

சீனி நின்றாள். அவன் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் தாண்ட மாட்டாள். அடித்துக் கற்றுக்கொடுத்த பிள்ளை.

"அப்பா, சொல்லுங்கப்பா."

அவன் தலையை ஆட்டினான். இல்லை. இல்லை. வாயை இன்னும் இறுக்கிப் பொத்தினான். எதைச் சொன்னாலும் தப்பு. சொல்லாமல் இருந்தால் போதும். அக்கா வருகிறவரை. ராத்திரிவரை. எத்தனை நாளானாலும்.

சண்முகத்தாய் கண்ணிலிருந்து கையை எடுத்தாள்.

"வா" என்றாள்.

சீனி அந்தச் சொல்லைக் கேட்டாள். முகம் தெளிந்தது. கற்றுக்கொடுத்தபடியே, வலது காலை முதலில் எடுத்து வைத்துப் படியைத் தாண்டினாள்.

தாண்டின கணத்தில் அவள் பாவாடை விறைத்துப் பின்னோக்கிப் படபடக்கத் தொடங்கியது.