சேசம்மாளின் ரத்தத்தில் ஓர் ஆண்

செப்டம்பர் 3, காலை 9.10. புற்றுநோயாளி சேசம்மாளின் ரத்தத்தைக் காணோம். அவர் பெயர் எழுதிய குழாயில் இருந்தது யாரோ ஓர் ஆணின் ரத்தம்.

மும்பை மாட்டுங்கா ஆய்வுக்கூடத்தில் கணினித் திரை முன்னால் உட்கார்ந்திருந்தாள் ஷைனி. புற்றுநோயாளிகளின் ரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படிப்பதுதான் அவளுடைய பிஎச்.டி. ஒரு புள்ளி, ஓர் அணு. ஐயாயிரம் புள்ளிகள் ஈரத்தரையில் சிந்திய கோலப்பொடிபோல் மிதந்தன. வெளியே விடாத மழை. பாதித் தூக்கத்தில் அவளும் அவற்றோடு மிதந்தாள். எங்கும் ஆணின் ஒய் குரோமோசோம். ஓரத்தில் ஒரு சிவப்புத் தீவு மட்டும் அளவுக்கு மீறிப் பெருத்திருந்தது.

ஆகஸ்ட் 12 அன்று எடுத்த ரத்தம் அது. அன்று மாலையே சேசம்மாளுக்குக் கீமோ தொடங்கிவிட்டது. மருந்து ஏறாத ரத்தம் இனி அவரிடம் கிடைக்காது.

"ஆஸ்பத்திரிலேர்ந்து ரத்த ஐஸ் டப்பா சாய்நாத் கையிலதானே வந்தது? வழியில கொட்டிட்டு எதையோ ஊத்தியிருக்கான். இன்னிக்கே வேலையை விட்டு அனுப்பிடறேன்," என்றார் பேராசிரியர் விஜயலக்ஷ்மி.

வாசலில் ப்யூன் சாய்நாத் நின்றார். மான்குர்தில் இரண்டு பெண் குழந்தைகள், வீட்டுக்கு இவர் ஒருவர் சம்பளம்தான். பக்கத்தில் ஷைனியின் சக மாணவன் ஹரி.

11.30.

"அண்ணே, டப்பாவத் தொறந்தீயளா?" என்று கேட்டாள் ஷைனி.

"இல்ல தங்கச்சி. அப்படியே ஹரி ஸார்கிட்ட குடுத்தேன்."

"அந்த வாரம் காய்ச்சல், லீவு ஏதும்?"

"இந்த வருஷம் ஒரு நாள்கூட லீவு போடல."

ஷைனி வருகைப் பதிவேட்டைப் புரட்டினாள். ஹரி: ஆகஸ்ட் 5 முதல் 11 வரை விடுப்பு, டெங்கு.

12.15.

"மேடம், ஆணா பொண்ணான்னு மட்டுந்தான் பாத்தோம். அணுக்கள் என்ன செய்யுதுன்னு பாக்கல." சிவப்புத் தீவைத் தொட்டுக் காட்டினாள். "இதெல்லாம் ஆன்டிபாடி செய்யுற அணுக்கள். நூத்துக்கு ஒண்ணு இருக்கணும், இங்க இருபது இருக்கு. டெங்கு இறங்குற நேரம் இப்படித்தான் பொங்கும். அன்னைக்கு டெங்குல இருந்து எழுந்து வந்த ஆம்பள இங்க ஒருத்தந்தான். ஹரி."

கருவியைச் சரிபார்க்கத் தங்கள் ரத்தத்தையே எடுத்துக்கொள்வது அந்தக் கூடத்துப் பழக்கம். பதற்றத்தில் ஹரியின் கை பழகிய வழியில் போய், சேசம்மாள் பெயர் எழுதிய புதுக் குழாயில் அவன் ரத்தத்தை நிரப்பியிருக்கிறது.

"காய்ச்சல் அசதி. குழாய் விழுந்து ஒடைஞ்சுடுத்து," என்றான் ஹரி. "சொன்னா துரத்திடுவேளோன்னு பயந்துட்டேன்."

ஷைனிக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாக வந்தன.

"சாய்நாத், நீங்க போய் வேலையைப் பாருங்கோ," என்றார் விஜயலக்ஷ்மி. மன்னிப்புக் கேட்கவில்லை.

சாய்நாத் நகரவில்லை.

"காலைல மேடம் என்னைய அனுப்பிடறேன்னு சொன்னப்ப, நீங்க என் பக்கத்துலதான நின்னீங்க, ஹரி ஸார்?"